பொடியன் என்று சொல்லிக் கதவை அடைக்காதீர்கள்: குன்றக்குடி வட்டாரத்துப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய பெரியவர்களே,

குன்றக்குடி, பாதரக்குடி, நேமம், பிள்ளையார்பட்டி, கல்லல், நாச்சியாபுரம் என்று இந்த வட்டாரத்தில் எந்த ஊரை எடுத்தாலும் உங்களைப் போல நாலு பேர் இருக்கிறீர்கள். ஊர் உங்களை அம்பலம் என்கிறது, நாட்டார் என்கிறது, டிரஸ்டி என்கிறது, சங்கத் தலைவர் என்கிறது, வாத்தியாரய்யா என்கிறது. கூட்டத்தில் நீங்கள் பேசி முடித்த பிறகுதான் மற்றவர்கள் பேசுகிறார்கள். தேர்தல் வந்தால் வேட்பாளர் முதல் சால்வையை உங்கள் தோளில்தான் போடுகிறார். வாக்காளர் எல்லோருக்கும் எழுதாமல் இதை உங்களுக்கு எழுதுவது அதனால்தான். உங்கள் ஊர் எந்தத் தொகுதியின் எல்லைக்குள் விழுந்திருந்தாலும் நான் சொல்லப்போவது உங்களுக்குப் பொருந்தும்.

ஒருவர் பல தேர்தலாக ஜெயித்து வருகிறார். அவரை எதிர்த்து இருபத்தெட்டோ முப்பதோ வயதான ஒரு பிள்ளை நிற்கப்போகிறது என்று பேச்சு கிளம்புகிறது. வேட்புமனு வாங்கும் தேதிகூட அறிவித்திருக்க மாட்டார்கள். டீக்கடை பெஞ்சில் தீர்ப்பு வந்துவிடும். "டவுசர் போட்டுத் திரிஞ்ச பய, அவனுக்கு என்னய்யா தெரியும்?" என்பீர்கள். "இத்தனை வருசமா இருக்கிறவரை எதிர்த்து நிக்கிறது ஒரு மரியாதையா?" என்பீர்கள். அதற்கும் யாராவது பதில் சொன்னால், கடைசியாக ஒன்றைச் சொல்லி வாயை அடைப்பீர்கள்: "காமராசரையே தோக்கடிச்ச நாடுய்யா இது!"

அந்தப் பிள்ளை எதற்காக நிற்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருப்பீர்களா? எந்த ஊர்க் கண்மாய்க்கு வரத்துக்கால் அடைபட்டிருக்கிறது என்று அதற்குத் தெரிகிறதா என்றாவது சோதித்தீர்களா? அதுதான் என் மனக்குறை. அவனோ அவளோ தோற்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. பேசுவதற்கு முன்பே தோற்கடிக்கப்படுவதுதான் என்னை இந்த மடல் எழுத வைத்தது.

காமராசர் பெயரைச் சொல்லி வாயை அடைக்கிறீர்களே, அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அந்தப் பெயருக்கு முன்னால் நானும் கைகூப்பி நிற்கிறவன்தான்.

1967இல் விருதுநகரில் நடந்தது உங்களில் பலருக்கு நேரில் நினைவிருக்கும். அப்போது நாமெல்லாம் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல்தானே. ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்து ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தவர், மதிய உணவு போட்டவர், வைகை அணையைக் கட்டிக் கொடுத்தவர், இரண்டு முறை இந்தியாவுக்குப் பிரதமர் அமைய நடுவே நின்றவர், தன் சொந்த ஊரில் நின்றார். எதிரே நின்றவர் பெ. சீனிவாசன். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னால் நின்ற மாணவர் தலைவர், முப்பதைத் தாண்டாத வாலிபர். எண்ணி முடித்தபோது சீனிவாசனுக்கு 33,421, காமராசருக்கு 32,136. வித்தியாசம் 1,285.

இதை ஒரு பாவக்கதை போலவே நீங்கள் எங்களுக்குச் சொல்லி வளர்த்தீர்கள். ஒரு துரோகம் நடந்துவிட்டது, ஒரு பொடியனை நம்பி ஜனம் ஏமாந்துவிட்டது, ஆகவே இனிமேல் பொடியன் யாரையும் நம்பக்கூடாது என்று அதற்கு ஒரு பாடமும் வைத்தீர்கள். அந்தப் பாடம் தவறு என்பது என் கருத்து.

விருதுநகர்க்காரர்கள் நன்றி மறந்ததால் அந்த முடிவு வரவில்லை. அரிசி கிடைக்காத காலம் அது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் விலை ஏறிப்போயிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மொழிப் போராட்டத்தில் பிள்ளைகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. அப்போது இங்கே ஆட்சி நடத்தியவர் காமராசர் இல்லை, பக்தவத்சலம். காமராசரோ 1964இலிருந்து அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராகத் தில்லியில் இருந்தார். ஜனங்களின் கோபம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமே தோற்றார். மாநிலம் முழுக்கத் தி.மு.க. 137 இடம் பிடித்தது, காங்கிரஸ் 51இல் நின்றது. அவ்வளவு பெரிய வெள்ளத்திலும் காமராசர் 1,285 வாக்கில்தான் தோற்றார் என்றால், அந்த ஊர் அவரை எவ்வளவு தாங்கிப் பிடித்தது என்று எண்ணிப் பாருங்கள். முப்பத்திரண்டாயிரம் பேர் அவருக்காகத்தான் வரிசையில் நின்றார்கள்.

அதன் பிறகு நடந்ததை நீங்கள் சொல்வதே இல்லை. 1969இல் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் காமராசர் நின்றார், ஜெயித்தார், 1971இல் மறுபடியும் ஜெயித்தார். சீனிவாசனும் வந்த வேகத்தில் காணாமல் போய்விடவில்லை. பின்னாளில் சட்டமன்றத் துணைத் தலைவராக உட்கார்ந்தார். ஒரு தோல்வியால் பெரியவர் அழியவில்லை, ஒரு வெற்றியால் சின்னவர் கெட்டுப்போகவில்லை. இதில் எங்கே பாவம் இருக்கிறது?

இன்னும் பின்னால் போவோம். 1937இல் சாத்தூரிலிருந்து காமராசர் சென்னைச் சட்டமன்றத்துக்குப் போனபோது அவருக்கு வயது 33. 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவிக்கு நின்றார். அவரை எதிர்த்து நின்ற சி. பி. சுப்பையாவுக்குப் பின்னால் இருந்தவர் ராஜாஜி. அதற்கு முந்தைய ஆண்டுவரை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர், சட்டம் படித்தவர், தில்லித் தலைவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து பேசியவர். இந்தப் பக்கம் நின்றவர் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட விருதுநகர்ப் பையன். சத்தியமூர்த்தி அவருக்குத் துணை நின்றார். 103க்கு 100. மூன்றே மூன்று ஓட்டு. அன்றைக்கு அந்தக் கமிட்டியில் உங்களைப் போலப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலாக "பொடியனுக்கு என்னய்யா தெரியும்?" என்று சொல்லியிருந்தால், நீங்கள் இன்று கைகூப்புகிற காமராசர் நமக்குக் கிடைத்திருப்பாரா?

1963 அக்டோபரில் அவர் செய்ததையும் நினைவுபடுத்துகிறேன். முதலமைச்சர் நாற்காலியில் அவரை அசைக்க ஆளில்லாத நேரம். அவரே எழுந்து வெளியே வந்தார். மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்து, முதலில் தானே அதற்குக் கட்டுப்பட்டார். பதவியில் நீண்ட நாள் இருப்பதே ஒரு தகுதி என்று அவர் நினைத்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார். அவர் பெயரைச் சொல்லி இளையவர்களைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை, பெரியவர்களே. உரிமை இருந்தால் அது இளையவர்களுக்குத்தான்.

விருதுநகர் வரை போவானேன்? உங்கள் மலையடிவாரத்துக்கே வருகிறேன். 1952இல் குன்றக்குடி ஆதீனத்தின் தலைமை தெய்வசிகாமணி அருணாசல தேசிகருக்கு வந்தபோது, அதாவது நீங்களும் நானும் வாய் நிறையக் குன்றக்குடி அடிகளார் என்று சொல்கிறோமே, அவருக்கு முப்பது வயது ஆகவில்லை. 1925இல் பிறந்தவர். பல தலைமுறையாக வந்த ஒரு மடத்தை, அதன் நிலபுலனை, கோயில்களை, மரபை, இருபதுகளில் இருந்த ஒருவர் கையில் கொடுத்தார்கள். அவர் என்ன செய்தார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சேரிக்குப் போனார். பெரியாரோடு ஒரே மேடையில் உட்கார்ந்தார். மொழிப் போராட்டத்தில் வழக்கைச் சந்தித்தார். மேலவையில் பேசினார். எழுபதுகளின் கடைசியில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்து விஞ்ஞானிகளை ஊருக்குள் கூட்டிக்கொண்டு வந்து, வீடு வீடாகக் கணக்கெடுத்து, யாருக்கு எந்தத் தொழில் என்று திட்டம் போட்டு ஒரு கிராமத்தை நிமிர்த்தினார். அதைப் பார்க்க வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். குன்றக்குடித் திட்டம் என்று அதற்கு உங்கள் ஊர்ப் பெயரே நிலைத்தது.

மடத்தை நம்பி ஒப்படைக்கலாம், சட்டமன்ற இடத்தை ஒப்படைக்கக் கூடாதா? "அடிகளார் போல ஒருத்தன் இப்ப எங்கய்யா இருக்கான்?" என்று கேட்பீர்கள். இருக்கிறானா இல்லையா என்பது அவனைப் பேசவிட்டுப் பார்த்தால்தானே தெரியும்?

இருக்கிறவரை எதிர்த்து நிற்பது மரியாதைக்குறைவு என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்திலேயே இரண்டு விதமான தொகுதிகள் உண்டு. காரைக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் சுதந்திராக் கட்சியில் ஜெயித்ததிலிருந்து 2021 தேர்தல் வரைக்கும் அங்கே யாரும் அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயித்ததே இல்லை. போனவர் ஒரு தேர்தல் விட்டுத் திரும்பி வந்திருக்கிறார், சி. த. சிதம்பரம் வந்தார், என். சுந்தரம் வந்தார். ஆனால் தொடர்ந்து இருக்க அந்த ஊர் யாரையும் விட்டதில்லை. பக்கத்துத் திருப்பத்தூர் நேர்மாறு. 2006, 2011, 2016, 2021 என்று நான்கு தேர்தலிலும் கே. ஆர். பெரியகருப்பனே ஜெயித்தார். இந்தப் பக்கம் திருவாடானையில் கே. ஆர். ராமசாமி 1989 முதல் 2006 வரை ஐந்து தேர்தல் தொடர்ந்து ஜெயித்தார். நாடாளுமன்றத்துக்கு என்றால் 1984இல், 39 வயதில், சிவகங்கையில் முதல் தடவை ஜெயித்த ப. சிதம்பரம் ஏழு முறை அந்தத் தொகுதியிலிருந்து போயிருக்கிறார். நடுவில் 1999இல் தோற்று 2004இல் திரும்பினார்.

இவர்களில் யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஜனம் ஓட்டுப் போட்டது, அவர்கள் ஜெயித்தார்கள். நீண்ட நாள் இருப்பவருக்கு இருக்கிற வலுவும் எனக்குத் தெரியும். எந்த மனு எந்த மேசையில் தூங்குகிறது என்று அவருக்குத் தெரியும். எந்த அதிகாரிக்குப் போன் போட்டால் வேலை நடக்கும் என்று தெரியும். பத்தாண்டுக்கு முன் எந்த ஊரில் என்ன தகராறு, எப்படித் தீர்ந்தது என்பதும் தெரியும். இதெல்லாம் புதியவருக்கு ஒரே நாளில் வராது. நான் கேட்பது வேறு. அவ்வளவு தெரிந்தவரிடம், "போன ஐந்து வருசத்தில் எங்கள் ஊருக்கு என்ன செய்தீர்கள்?" என்று யார் கேட்பது? நீங்கள் கேட்க மாட்டீர்கள். பழக்கம் தடுக்கும், நன்றி தடுக்கும், கோயில் திருப்பணிக்கு அவர் எழுதிய தொகை தடுக்கும். எதிர்த்து நிற்க ஒரு ஆள் இருந்தால்தான் அந்தக் கேள்வி பிறக்கிறது. கலுங்கு இல்லாமல் கட்டிய கண்மாய் நிறைந்தால் என்ன ஆகும் என்று விவசாயிகளான உங்களுக்குத் தெரியாததில்லை. எதிர்ப்பும் அப்படி ஒரு கலுங்குதான், அது கரையைக் காப்பாற்றுகிறது.

வெளிநாட்டுச் செய்தி ஒன்று. 2018இல் நியூயார்க்கில் ஜோசப் கிராலி என்ற செல்வாக்கான அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் இருந்தார். 1999 முதல் பதவியில் இருந்தவர். 2004க்குப் பிறகு சொந்தக் கட்சிக்குள் வேட்பாளர் தேர்தலில் அவரை எதிர்த்து ஒருவர்கூட நிற்கவில்லை. பதினான்கு வருசம் கழித்து அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கார்டெஸ் என்ற 28 வயதுப் பெண் நின்றார். அதற்கு முன் மதுக்கடையில் பரிமாறும் வேலை பார்த்தவர். ஜெயித்துவிட்டார். ஜெயித்ததைவிட என்னை யோசிக்க வைத்தது அந்தப் பதினான்கு வருசம். அவ்வளவு நாளாக அந்தத் தொகுதிக்காரர்களுக்குச் சொல்லக் குறையே இல்லையா? இருந்திருக்கும். கேட்க ஒரு மேடை இல்லை, அவ்வளவுதான்.

இனி பணத்தைப் பற்றி. இது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது ஆனால் போதும் என்கிறது அரசியல் சட்டம். 1989இல் ஓட்டுரிமை வயதை 21இலிருந்து 18 ஆக்கினார்கள். வைப்புத்தொகை பத்தாயிரம், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் ஐயாயிரம். அதுவரை சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆனால் செலவு செய்யலாம் என்று தேர்தல் ஆணையம் அனுமதிக்கிற உச்சவரம்பே 40 லட்சம். உண்மையில் ஓடுகிற பணம் எவ்வளவு என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது எந்த வீட்டுத் திண்ணையில் வந்து இறங்குகிறது என்பதை நீங்கள் பார்க்கிறீர்கள். 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரே ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் முறைக்குப் பெயராகிவிட்டது. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணம் புரண்டதால் தேர்தலையே தள்ளிவைத்தார்கள். சின்ன வேலை பார்த்துச் சேர்த்த காசில், நாலு நண்பர்களோடு, இரண்டு பைக்கில் ஓட்டுக் கேட்க வருகிற பிள்ளை இதோடு எப்படி மோதும்?

அந்தப் பிள்ளைக்கு மிச்சம் இருப்பது ஒன்றுதான்: உங்கள் முன்னால் நின்று பேச அரை மணி நேரம். அதையும் நீங்கள் மறுத்துவிட்டால் எஞ்சுவது பணம் மட்டுமே.

ஊர் முடிவு என்று ஒன்று செய்கிறீர்கள். கோயில் கும்பாபிஷேகத்துக்கு இவ்வளவு, மண்டபத்துக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தவருக்கு மொத்த ஊரும் போட வேண்டும் என்று கூட்டத்தில் சொல்லிவிடுகிறீர்கள். முருகன் காரியத்துக்குத்தானே வாங்கினோம், சொந்தப் பைக்கா வாங்கினோம் என்று மனசாட்சிக்குச் சமாதானம். அப்படி வாங்கிக் கட்டிய மண்டபத்தில் உங்கள் மருமகளின் ஓட்டும் உங்கள் பேத்தியின் ஓட்டும் செங்கல்லாகப் போய்விட்டது. அவர்களை யாரும் கேட்கவில்லை. கோயிலுக்கு வேண்டியதை நாமே வரி போட்டுக் கொடுப்போம்; நம் பாட்டன்மார் பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்து வந்து கட்டாத கோயிலா, வெட்டாத ஊருணியா?

ஊர் கட்டுப்பாடு கைமீறினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டாம். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவியைப் பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கியதற்காகவே 1996 முதல் பத்தாண்டு தேர்தல் முறையாக நடக்க விடவில்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது. மேலூருக்குப் பக்கத்தில் மேலவளவில், துணிந்து நின்று ஜெயித்த முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997இல் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தேர்தலில் நின்றதுதான் அவர்கள் செய்த குற்றம். அப்படிப்பட்ட கொடுமைக்கு உங்களில் யாரும் துணைபோகிறவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் "நம்ம ஊரில் இவன்தான் நிக்கணும், இவன் நிக்கக் கூடாது" என்று பெரியவர்கள் தீர்மானிக்கிற பழக்கத்தின் கடைசிப் படி அதுதான். முதல் படியிலேயே காலை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இளையவர் என்பதற்காக மட்டும் யாரையும் தூக்கிவைக்கச் சொல்ல மாட்டேன். அப்பா இருந்த நாற்காலியில் மகன் உட்கார வந்தால் அவர் வயது முப்பதாக இருக்கலாம், ஆனால் அவர் புதியவர் இல்லை. வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை இறைத்துப் பெயர் வாங்க வருகிற இளைஞரும் உண்டு. செல்போனில் நாலு நிமிடம் ஆவேசமாகப் பேசத் தெரிந்து, ஊராட்சி ஒன்றியம் என்ன செய்யும், சட்டமன்ற உறுப்பினர் என்ன செய்ய முடியும் என்ற வித்தியாசம்கூடத் தெரியாதவரும் உண்டு. அவர்களை நீங்கள் துருவித் துருவிக் கேட்டுத் திருப்பி அனுப்பினால் நான் கைதட்டுவேன். கேட்காமல் அனுப்புவதைத்தான் சகிக்க முடியவில்லை.

கேட்க நம்மிடம் கேள்விக்கா பஞ்சம்? ஜீவநதி இல்லாத சீமை இது. வானமும் கண்மாயும் வைகையில் எப்போதாவது திறந்துவிடுகிற தண்ணீரும்தான் கதி. கண்மாய் உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டி ஏலம் விட்ட பணம் எங்கே போனது, வேரோடு எடுத்தார்களா, மடையைச் சரிசெய்தார்களா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து ஆய்வகத்தைக் கொண்டுவந்த ஊரில், கல்லூரி முடித்த பிள்ளைகள் ஏன் இன்னும் சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் பை தூக்குகிறார்கள்? காரைக்குடி மாநகராட்சியாகிவிட்டது, சுற்றியிருக்கிற ஊராட்சிகள் அதோடு சேர்ந்தால் நூறுநாள் வேலை என்ன ஆகும், வீட்டு வரி என்ன ஆகும்? சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு மூன்று கோடி, ஐந்தாண்டில் பதினைந்து கோடி. அதில் நம் ஊராட்சிக்கு எவ்வளவு வந்தது, எந்த வேலைக்கு? இருக்கிறவர் கணக்கோடு பதில் சொல்லட்டும். எதிர்ப்பவர் அதை எப்படிச் செலவழிப்பேன் என்று சொல்லட்டும். வேட்புமனுவோடு இருவரும் கொடுக்கிற பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு எல்லாம் இருக்கும். அதன் நகலை எடுத்துச் சாவடியில் ஒட்டச் சொல்லுங்கள். படித்த பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள், உரக்க வாசித்துக் காட்டுவார்கள்.

ஆச்சிமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கணவர் காலமான பிறகு பெரிய வீட்டைத் தனியாக நிர்வாகம் செய்து, வட்டிக் கணக்கிலிருந்து பங்காளி வழக்கு வரை பார்த்தவர்கள் நீங்கள். உங்கள் சொல்லுக்கு வீட்டில் மறுசொல் இல்லை. இளைய வேட்பாளர்களில் பெண்பிள்ளை யாராவது நின்றால், அவள் நடத்தையைப் பற்றி முதல் வதந்தி கிளம்புவது எந்தத் தெருவில் என்று உங்களுக்குத் தெரியும். அதை உங்கள் வீட்டு வளவுக்குள் நுழையவிடாதீர்கள். "அவ என்ன சொல்றான்னு கேப்போம்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தெருவே வந்து உட்கார்ந்து கேட்கும்.

நான் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

தேர்தல் அறிவித்த பிறகு ஒரு நாள் குறியுங்கள். ஊர்ப் பொட்டலோ சாவடியோ பள்ளிக்கூட மைதானமோ, எல்லாச் சாதியாரும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடமாகப் பாருங்கள். போலீசிலும் தேர்தல் அலுவலரிடமும் முறைப்படி அனுமதி வாங்குங்கள். நிற்கிற எல்லோருக்கும் ஒரே நாளில் அழைப்பு அனுப்புங்கள். இருக்கிறவருக்கு எவ்வளவு நேரமோ, எதிர்த்து நிற்கிற இளையவருக்கும் அவ்வளவு நேரம். சால்வை வேண்டாம், பட்டாசு வேண்டாம், முன்வரிசை நாற்காலியும் வேண்டாம். கேள்வியை முதலில் நீங்கள் கேளுங்கள். பிறகு பெண்களையும் முதல் ஓட்டுப் போடப்போகிற பிள்ளைகளையும் கேட்க விடுங்கள். கூட்டம் கலையும்போது, "ஊர் முடிவு என்று எதுவும் கிடையாது, அவரவர் ஓட்டு அவரவருக்கு" என்று ஒலிபெருக்கியில் உங்கள் வாயால் சொல்லுங்கள். உங்கள் வாயால் சொன்னால்தான் ஊர் அதை நம்பும். திருப்பணிக்கு என்று யாராவது நோட்டுக் கட்டோடு வந்தால், தேர்தல் முடிந்து ஒரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பெரிய கட்சியில் நிற்கிறவருக்கு முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சையாகவோ அங்கீகாரம் இல்லாத கட்சியிலோ நிற்கிறவருக்கு அதே தொகுதி வாக்காளர் பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பத்துக் கையெழுத்துக்காக நம் பிள்ளைகள் சொந்த ஊரிலேயே கதவு கதவாக நிற்கிறார்கள். "பெரியவர் கோபிச்சுக்குவார்" என்று பயந்து, கூடப் படித்தவர்களே கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். முன்மொழிந்தவர் அவருக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இருக்கிறவருக்கே நீங்கள் ஓட்டுப் போடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் நிற்கத் துணிந்த பிள்ளை அடுத்த முறை உங்கள் வாசலுக்கு வந்தால், திண்ணையில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நாலு கேள்வி கேட்டு, பதில் நேர்மையாகப் பட்டால் அந்தப் பத்தில் முதல் கையெழுத்தை நீங்கள் போடுங்கள். மற்ற ஒன்பது பேர் தானாக வருவார்கள்.

மதிப்புடன்,
உங்கள் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன்